வாய்வழி உறவுக்குப் பிறகு எந்தப் பரிசோதனை, எப்போது, எங்கே?

ஆணுறை இல்லாமல் வாய்வழி உறவு கொண்ட மறுநாள் பலரையும் தூங்கவிடாத கேள்வி, எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்பதுதான். அந்தப் பயத்தில் ஒரே எச்.ஐ.வி. பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்கள், தொண்டையில் வெட்டை நோய் எனப்படும் கொனோரியா இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. வாய்வழியாக எச்.ஐ.வி. தொற்றுவது மிக அரிது. கொனோரியா, சிபிலிஸ் (புண்ணில் தொடங்கும் பாக்டீரியா தொற்று), ஹெர்ப்பிஸ் (கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் தொற்று) அப்படியல்ல. ஆகவே எது எளிதில் தொற்றுமோ அதை முதலில் கவனிப்போம்.

முதல் படி: நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள்

தேதி முக்கியம், பின்னால் வரும் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். வாய் யாருடையது, உறுப்பு யாருடையது, வாயில் விந்து பட்டதா, ஈறில் ரத்தமோ வாயில் புண்ணோ இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யோனிவழியோ ஆசனவாய்வழியோ உறவு இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அப்போது எச்.ஐ.வி. பற்றிய கணிப்பே மாறிவிடும்.

யார் என்ன செய்தார் என்பதைப் பொறுத்து அபாயமும் மாறும். ஆண்குறியை வாயில் வாங்கியவருக்குத் தொண்டையில் கொனோரியாவும், அதைவிடக் குறைவாக கிளமிடியா என்ற இன்னொரு பாக்டீரியா தொற்றும் வரலாம். உறுப்பைக் கொடுத்தவருக்கு எதிராளியின் தொண்டையிலிருந்து சிறுநீர்க் குழாயில் கொனோரியா ஏறலாம். எதிராளியின் உதட்டில் கொப்புளம் இருந்திருந்தால் பிறப்புறுப்பில் ஹெர்ப்பிஸ் வரக்கூடும்; இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சிபிலிஸ் புண் வாயிலோ உறுப்பிலோ எங்கிருந்தாலும், பட்ட இடத்தில் தொற்றும். அந்தப் புண் பெரும்பாலும் வலிக்காது என்பதால் புண் உள்ளவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆசனவாயில் வாய் வைத்திருந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, வயிற்றுப்போக்குக் கிருமிகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: 72 மணி நேரம்

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். வாய்வழி உறவு மட்டும் என்றால் பொதுவாக இவை தேவைப்படாது. எதிராளிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியும், அவர் சிகிச்சையில் இல்லை, புண்ணுள்ள வாயில் விந்து பட்டிருக்கிறது என்றால், யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எதிராளி ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து தொற்றாது.

மூன்றாம் படி: நாள் குறியுங்கள்

மறுநாளே ஓடிப்போய் எடுக்கும் பரிசோதனை உங்கள் பழைய நிலையைத்தான் காட்டும். கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் இரண்டு வாரம் பொறுங்கள். சிபிலிஸுக்கு ஆறாவது வாரம் ஒன்று, பன்னிரண்டாவது வாரம் ஒன்று. எச்.ஐ.வி.க்கு, ஆன்டிஜெனையும் (கிருமியின் பகுதி) ஆன்டிபாடியையும் (அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள்) சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனை என்றால் 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் துரிதப் பரிசோதனை என்றால் மூன்று மாதம்.

சீழ், எரிச்சல், புண், உள்ளங்கையில் தடிப்பு என ஏதாவது தெரிந்தால் மட்டும் இந்த நாள் கணக்கை விட்டுவிட்டு உடனே போங்கள். ஆணுக்குச் சிறுநீர்க் குழாயில் கொனோரியா வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். தொண்டையில் வந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.

காத்திருக்கும் காலத்தில் உறவைத் தவிருங்கள், முடியாவிட்டால் ஆணுறை அணியுங்கள். மருந்துக் கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி 'எதற்கும் இருக்கட்டும்' என்று விழுங்காதீர்கள். நோய் முழுதாகப் போகாது, பரிசோதனையும் குழம்பும். ரத்ததானம் செய்தால் இலவசமாகத் தெரிந்துவிடுமே என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. தொற்று ஆரம்பத்தில் பரிசோதனைக்குச் சிக்காமல் அந்த ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறினால் அதற்கு யார் பொறுப்பு?

நான்காம் படி: சரியான இடத்திலிருந்து சரியான மாதிரி

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாது, ரத்தத்திலும் தெரியாது. தொண்டையிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். கொரோனாவுக்கு எடுத்தார்களே, அதே போன்ற பஞ்சுக்குச்சிதான்: டான்சில் இரண்டிலும் தொண்டையின் பின்சுவரிலும் தேய்ப்பார்கள், ஒரு கணம் குமட்டும், அவ்வளவுதான்.

எந்தப் பரிசோதனை என்பதைச் சீட்டில் பாருங்கள். 'தொண்டை ஸ்வாப் கல்ச்சர்' என்று மட்டும் இருந்தால், ஆய்வகம் சாதாரணத் தொண்டைவலிக் கிருமிகளைத்தான் தேடும். கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்துப் பார்ப்பது; கொனோரியா கிருமி வளரத் தனிச் சத்து ஊடகம் வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் உதவாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சாதுவான பாக்டீரியாக்கள் எல்லோர் தொண்டையிலும் இருக்கின்றன. 'கொனோரியா, கிளமிடியா பிசிஆர், தொண்டை மாதிரி' என்று எழுதி வாங்குங்கள்; பிசிஆர் என்பது கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை. இதைச் செய்யும் ஆய்வகங்கள் குறைவு என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

சிறுநீர் மாதிரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்கச் சொல்வார்கள். கொனோரியா, கிளமிடியாவுக்கு அதற்கு நேர்மாறாக, ஒரு மணி நேரமாவது அடக்கிவைத்திருந்து முதலில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும்.

ஹெர்ப்பிஸுக்குக் கொப்புளம் இருக்கும்போது அதிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். கொப்புளமே இல்லாமல் ரத்தத்தில் ஹெர்ப்பிஸ் ஆன்டிபாடி பார்ப்பது வீண் செலவு என்பேன். உதட்டு ஹெர்ப்பிஸ் வைரஸ் சிறுவயதிலேயே கோடிக்கணக்கானவர்களுக்கு வந்திருக்கிறது. முடிவில் பாசிட்டிவ் என்று வந்தால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். தொண்டையில் எச்.பி.வி. (மருவும் சில புற்றுநோய்களும் உண்டாக்கும் வைரஸ்) இருக்கிறதா என்று பார்க்க வழக்கமான பரிசோதனை கிடையாது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஹெபடைடிஸ் பி-க்கும் இருக்கிறது.

ஐந்தாம் படி: எங்கே போவது, என்ன சொல்வது

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பால்வினை நோய்ப் பிரிவு தனியாக இருக்கும். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவைப் பிறரிடம் சொல்லவோ கூடாது.

உள்ளே போய் "பொதுவா ஒரு செக்கப்" என்று இழுத்தால் ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். "மூன்று வாரத்துக்கு முன்னால் ஆணுறை இல்லாமல் வாய்வழி உறவு கொண்டேன், தொண்டையையும் பார்க்க வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டலாம்.

ஆறாம் படி: முடிவைப் படிப்பது

சிபிலிஸுக்கு முதலில் பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை, கர்ப்பத்தாலும் வேறு சில நோய்களாலும் பாசிட்டிவ் காட்டக்கூடும். சிபிலிஸ் கிருமிக்கான ஆன்டிபாடியையே தேடும் டி.பி.எச்.ஏ. பரிசோதனையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சிபிலிஸ் உறுதியானால் பென்சிலின் ஊசி. குணமான பிறகும் டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும், பதற வேண்டாம். கவனிக்க வேண்டியது வி.டி.ஆர்.எல். அளவை, அதாவது மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் வருகிறது என்பதை: 1:32 என்று இருந்தது சில மாதங்களில் 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது.

தொண்டைக் கொனோரியாவுக்கு மாத்திரையைவிட செஃப்ட்ரையாக்சோன் ஊசியே நம்பகமானது. ஊசி போட்ட ஒன்று, இரண்டு வாரத்தில் தொண்டையில் மறுபடி மாதிரி கொடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் செத்த கிருமியின் மரபணுவைக்கூட பிசிஆர் பாசிட்டிவ் என்று காட்டிவிடும். கடந்த இரண்டு மாதத்தில் உறவுகொண்டவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சிகிச்சை எடுக்கவில்லை என்றால் அதே கிருமி உங்களிடமே திரும்பி வரும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.