ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூரில் தண்ணீர் திறந்து இங்கே குறுவை நடவு நடக்கிற சமயத்தில்தான் ரஷ்ய மொழிபெயர்ப்பு கேட்டு எனக்கு அழைப்புகள் கூடும். பிள்ளையை ரஷ்யாவுக்கு எம்பிபிஎஸ் படிக்க அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் அவசரம், அங்கே கல்வியாண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கிவிடும். எழுத்துப்பிழை பாருங்கள், கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

அப்போஸ்டிலுக்கு முன்னால் மொழிபெயர்ப்பது

வருடா வருடம் பார்க்கிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மூலச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (தாளில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று), அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. தாளில் இருக்கும் முத்திரை, பின்பக்கம் ஒட்டிய அப்போஸ்டில் ஸ்டிக்கர் என ஒன்று விடாமல் ரஷ்ய மொழியில் வர வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். முன்னாலேயே மொழிபெயர்த்துவிட்டால் அந்த ஸ்டிக்கர் அதில் எப்படி இருக்கும்?

மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டியது. அவர் மொழிபெயர்ப்பை முதலில் முடித்து, உள்ளூர் நோட்டரியிடம் முத்திரை வாங்கி, அப்புறம்தான் சான்றிதழை அப்போஸ்டிலுக்கு அனுப்பியிருக்கிறார். பையன் போய் இறங்கியதும் பல்கலைக்கழகத்தில் அந்த மொழிபெயர்ப்பை வாங்க மறுத்துவிட்டார்கள். அங்கேயே எல்லாத் தாளுக்கும் மறுபடி செலவு, அதற்குள் பதிவும் தள்ளிப்போனது. ரஷ்யாவில் மொழிபெயர்ப்பாளருக்கென்று அரசு உரிமம் கிடையாது, அவருடைய டிப்ளோமாவைப் பார்த்து அவர் கையெழுத்துக்கு நோட்டரி சான்று தருவார், அதுதான் முறை. நம் ஊர் நோட்டரி முத்திரையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சென்னை ரஷ்யத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு போதுமா, ரஷ்யாவிலேயே செய்ய வேண்டுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ஆளைத் தேடுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும், அதைக்கூட ஏன் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்?

பேசத் தெரிந்தவரையே கூட்டிப்போவது

ரஷ்யாவில் படித்துவிட்டு வந்த டாக்டர் தம்பி நோயாளியிடம் நன்றாகவே பேசுவார். ஆனால் சுவாமிமலைப் பட்டறைக்குச் சிலை வாங்க வந்த ரஷ்யரிடம் மெழுகு வார்ப்பு, உலோகக் கலவை, பணம் தரும் தவணை, தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்று எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொல்வது வேறு வேலை. வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வான டி.ஆர்.கே.ஐ-யில் எந்த நிலை என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் சேரவே முதல் நிலை கேட்பார்கள். வியாபாரப் பேச்சுக்கு மூன்றாம் நிலையாவது வேண்டும் என்பது என் கருத்து.

உடனுக்குடன் மொழிபெயர்க்க ஒரே ஆள்

ஒருவர் பேசப் பேசவே மொழிபெயர்த்துச் சொல்லும் வேலைக்கு இருவர் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட் நகல் தராமல் விடுவது

மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இரண்டையும், விசா வந்திருந்தால் அதன் நகலையும் சேர்த்து முதல் நாளே கொடுத்துவிடுங்கள். விசாவில் ரஷ்ய எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாத் தாளிலும் வர வேண்டும்.