கழற்றும் கையில் கெடும் இன்ஜெக்டர்: டாட்சன் 280இசட் மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மீட்டெடுப்பவர்கள் கார்புரேட்டரைக் கண்டு அஞ்சுவதில்லை. அது கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம். திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். இன்ஜெக்டர் அப்படியல்ல. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் விரல் நீள உலோகக் குழல், ஒரு முனையில் ரப்பர் குழாய், இன்னொரு முனையில் ஊசி, பக்கவாட்டில் மின்சார கனெக்டர். புரியாத பொருளை அவசரமாகக் கழற்றிப் பார்ப்பது மனித இயல்பு. 40 ஆண்டுகள் தாக்குப்பிடித்த இன்ஜெக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் உயிரை விடுவது இதனால்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது டாட்சன் 280இசட் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு முன் வந்த 240இசட், 260இசட் இரண்டும் கார்புரேட்டரில் ஓடியவை. அமெரிக்காவின் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, 260இசட்டின் கார்புரேட்டர்கள் ஓட்டுநர்களின் பொறுமையைச் சோதித்தன. 1975-இல் வந்த 280இசட்டில் நிறுவனம் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய எல்-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்‌ஷன் முறையைப் பொருத்தியது. 'எல்' என்பது காற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'லுஃப்ட்' என்பதன் முதலெழுத்து. உள்ளே போகும் காற்றை ஒரு மடிப்புக் கதவு அளக்கிறது. அந்த அளவை வைத்துக் கணினிப் பெட்டி பெட்ரோலை முடிவு செய்கிறது. 2,753 சிசி, ஆறு சிலிண்டர், ஆறு இன்ஜெக்டர். 1978 வரை இந்தக் கார் விற்பனையில் இருந்தது.

முதல் தவறு கழற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கழற்றத் தேவையே இல்லாத இன்ஜெக்டரைக் கழற்றுவது. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றதும் பழி நேராக இன்ஜெக்டர் மேல் விழுகிறது. ஆனால் இந்தக் காரில் குற்றவாளி பல நேரங்களில் கனெக்டருக்குள் பச்சை பூத்துக் கிடக்கும் பித்தளை முள்தான். இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்ற சீரான ஓசை வந்தால், ஊசியைத் திறக்கும் மின்சுருள் வேலை செய்கிறது. மீட்டரை வைத்து அளந்தால் சுமார் 2.3 ஓம் காட்ட வேண்டும். காட்டினால், கனெக்டரைச் சுத்தம் செய்துவிட்டு இன்னொரு முறை இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். காலி ஷெட்டில் நீண்ட காலம் நின்ற கார் என்றால் வேறு கதை. பழைய பெட்ரோல் உள்ளே பிசினாக இறுகியிருக்கும். அப்போது கழற்றித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட காரில் டேங்கையும் ஃபில்டரையும் பார்க்காமல் பம்பை ஓட்டிச் சோதிப்பது துருவை நேராக இன்ஜெக்டர் வாய்க்கு அனுப்புகிற வேலை.

கனெக்டரிலிருந்து தொடங்குவோம். அதைச் சுற்றி ஒரு சின்னக் கம்பிக் கிளிப் இருக்கும். பார்த்தால் தெரியாது, அழுக்குக்குள் புதைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஒயரைப் பிடித்து இழுக்கிறவர்கள் கையில் ஒயர் மட்டும் வரும். இந்த பிளாஸ்டிக்குக்கு வயது 45-க்கு மேல். பக்கத்து வெப்பத்தில் வெந்து அப்பளம்போல் ஆகிவிட்டது. மெல்லிய கொக்கியால் கிளிப்பின் ஒரு பக்கத்தைக் கிளப்பும்போது மறுபக்கத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது துள்ளிப் பறந்து, உலகத்தின் எந்த மூலையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் விழும். ஒவ்வொரு ஒயருக்கும் சிலிண்டர் எண் எழுதிய துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது. உண்மையைச் சொன்னால், இந்த முறையில் ஆறு இன்ஜெக்டர்களும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுபவை. இடம் மாறினாலும் இன்ஜின் ஓடும். ஆனாலும் இன்ஜெக்டர்களுக்கு எண் போட்டே வைக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் பிளக் கறுத்திருந்தால், அந்த மூன்றாவது இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பிறகு பார்க்க முடியும். ஆறையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் அந்தத் துப்பு தொலைந்தது.

அடுத்து அழுத்தம். எரிபொருள் குழாயில் சுமார் 2.5 பார் அழுத்தம், அதாவது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதல். இன்ஜினை நிறுத்தினாலும் அது உடனே இறங்கிவிடாது. மறுமுறை எளிதாகக் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே பம்பில் உள்ள தடுப்பு வால்வு அதைப் பிடித்து வைக்கிறது. ரப்பர் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தியதும் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். முகத்தில் அடிப்பதுகூடப் பெரிதல்ல. இந்த எல்28 இன்ஜினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இன்ஜெக்டருக்குக் கீழே எக்ஸாஸ்ட். சிந்தும் பெட்ரோல் விழும் இடம் அது. "பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினால் ஸ்க்ரூ இளகும்" என்று யோசனை சொல்கிறவர்கள் இந்த அமைப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பழைய குண்டு பல்பு விளக்கைப் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது. ஒரு சொட்டு பெட்ரோல் சூடான கண்ணாடியில் பட்டால் பல்பு வெடிக்கும். ஷெட்டுக்குள் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தூள் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் பயனில்லை.

அழுத்தத்தை இறக்க நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டிலேயே அழகான வழி இருக்கிறது. பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, குளிரில் இன்ஜின் கிளம்புவதற்காக வைத்திருக்கும் தனி வால்வின் கனெக்டரை எடுத்துவிடுங்கள். அந்த வால்வின் இரண்டு முனைகளிலும் இரண்டு ஒயர்களை மாட்டி, மறுமுனைகளைப் பேட்டரியில் சில விநாடிகள் தொடுங்கள். வால்வு திறந்து, அழுத்தம் மேனிஃபோல்டுக்குள்ளேயே வடிந்துவிடும். முதலில் வால்வுப் பக்கம், பிறகுதான் பேட்டரிப் பக்கம். ஒயர் தொடும்போது வரும் பொறி, பெட்ரோலுக்குத் தொலைவில் வரட்டும். இதற்குப் பிறகும் குழாயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, கிளாம்பைத் தளர்த்தும்போது துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

இனி ஸ்க்ரூ. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஸ்க்ரூக்களுக்காகத்தான்.

ஒவ்வொரு இன்ஜெக்டரையும் இரண்டு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன, மொத்தம் 12. தலையில் நட்சத்திரப் பள்ளம். பார்த்தவுடன் கை, பெட்டியில் இருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரைத் தேடும். அங்கேதான் வினை. இவை ஜப்பானியத் தரநிர்ணயப்படி வெட்டப்பட்ட பள்ளங்கள். பிலிப்ஸ் முனையின் மூலைகள் சற்று வளைந்தவை. ஜப்பானியப் பள்ளத்தில் அடிவரை இறங்காது. சும்மா கிடக்கும் ஸ்க்ரூவில் இந்த வேறுபாடு தெரியாது. அலுமினியத்தில் 45 ஆண்டுகள் கடித்துக்கொண்டு கிடக்கும் எஃகு ஸ்க்ரூவில் திருகினால், முனை மேலேறி நழுவும். இரண்டு முறை நழுவினால் பள்ளம் கிண்ணமாகிவிடும். தமிழ்நாட்டில் ஆர்.எக்ஸ்.100 வண்டியின் கிளட்ச் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. அதே ஜப்பானியப் பள்ளம், அதே மழுங்கல். நானும் முதல் இன்ஜெக்டரில் இதைச் செய்துவிட்டுத்தான் மீதி பத்து ஸ்க்ரூக்களுக்குச் சரியான கருவியை வாங்கினேன்.

ஜே.ஐ.எஸ். (அந்த ஜப்பானியத் தரநிர்ணயத்தின் சுருக்கம்) என்று குறித்து விற்கும் ஸ்க்ரூடிரைவர் விலை அதிகமில்லை. பள்ளத்தில் அடைந்திருக்கும் மசியையும் துருவையும் ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். விட்டவுடன் திருகாதீர்கள், இன்று மாலை, நாளை காலை, நாளை மாலை என்று மூன்று முறை விட்டால் அது மரைக்குள் இறங்கும். பிறகு சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரில் ஜப்பானிய முனையை மாட்டி, நேராகப் பிடித்து அளவான அடி. சாய்வாகப் பிடித்து அடித்தால் பக்கத்தில் இருக்கும் இன்ஜெக்டரின் பிளாஸ்டிக் மூக்கு உடையும். முதலில் இம்மியளவு இறுக்கும் திசையில் தட்டிவிட்டுப் பிறகு தளர்த்துவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். துருவின் பிடி உடைவதற்கு அந்த இம்மி போதும். பதறாத காரியம் சிதறாது என்பதை யார் சொன்னாரோ, அவர் ஓர் அலுமினிய மேனிஃபோல்டு முன் நின்றிருக்க வேண்டும்.

தீச்சுடரால் சூடேற்றுவது வேறு இடங்களில் நல்ல வைத்தியம். இங்கே பெட்ரோல் குழாய்க்கு இரண்டு அங்குலத்தில் சுடரைக் காட்டுகிறவரோடு நான் ஒரே ஷெட்டில் நிற்க மாட்டேன்.

தலை மழுங்கிவிட்டால்? நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் முழுக்க வடிந்து ஆவி போன பிறகு தலையை மட்டும் துளையிட்டு நீக்கினால், ஸ்க்ரூக்கள் இறுக்கியிருந்த இன்ஜெக்டர் பிடிப்பான் மேலே வந்துவிடும். மிஞ்சி நிற்கும் தண்டைப் பூட்டுக் குறடால் பிடித்துத் திருகலாம். இடதுபக்கம் சுழலும் துளையூசி கிடைத்தால், துளைக்கும்போதே ஸ்க்ரூ கழன்று வந்துவிடுவதும் உண்டு. மேனிஃபோல்டையே கழற்றி மேசைமேல் வைத்து வேலை செய்யலாமே என்று தோன்றும். இன்ஜினை முழுக்கப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக. இன்ஜெக்டருக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். இரண்டு மேனிஃபோல்டுகளுக்கும் ஒரே கேஸ்கட். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும், எக்ஸாஸ்ட் பக்கத்தின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் ஸ்டட்கள் (தலையில்லாத மரைத் தண்டுகள்) உடைவதில் பேர்போனவை. ஒரு ஸ்க்ரூவைக் காப்பாற்றப் போய் சிலிண்டர் ஹெட்டில் உடைந்த ஸ்டட்டோடு நிற்க வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூ கழன்றதும் இன்ஜெக்டரைத் தனித்தனியே இழுக்க ரப்பர் குழாய்களை அறுக்கிறார்கள். வேண்டாத வேலை. எரிபொருள் குழாயைப் பிடித்திருக்கும் போல்டுகளையும் கழற்றி, குழாயோடு ஆறு இன்ஜெக்டர்களையும் ஒன்றாக மேலே தூக்குவதுதான் வசதி. வராமல் அடம்பிடிப்பது உலர்ந்து கல்லான ரப்பர் வளையம். இன்ஜெக்டரின் உலோக உடம்பைப் பிடித்து இடமும் வலமும் மெல்லத் திருகி இளக்குங்கள். குழாயைப் பிடித்து இழுப்பதும், அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்புவதும் வேண்டாம். அலுமினியத்தில் விழும் கீறலை எந்த ரப்பரும் முழுக்க அடைக்காது.

தூக்குவதற்கு முன் சுற்றியுள்ள அழுக்கைத் தூரிகையால் தேய்த்து உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். தூக்கிய மறுகணம் ஆறு துளைகளையும் மூட வேண்டும். அந்தத் துளைக்கு நேர் கீழே வால்வு. அங்கே விழும் மணல் சிலிண்டருக்குள் போகும். துணி திணிப்பதானால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில், வால் வெளியே தெரியும்படி. எண்ணிக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தொப்பியும் அடியில் இருக்கும் பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்தனவா என்று உடனே பாருங்கள்; வரவில்லை என்றால் அவை துளைக்குள் இருக்கின்றன.

மேசைக்கு வந்த பிறகும் ஆபத்து ஓயவில்லை. பழைய ரப்பர் குழாயைக் கத்தியால் கீறி எடுப்பார்கள். கத்தி அடியில் இருக்கும் உலோக முனையைக் கீறும். புதுக் குழாய் மாட்டினாலும் அந்தக் கீறல் வழியே பெட்ரோல் கசியும். கையேடு சொல்வது சூடான சாலிடரிங் அயர்னால் ரப்பரை நீளவாக்கில் உருக்கிப் பிளக்க வேண்டும் என்று, அதுவும் 150 வாட் அயர்ன், முனை உலோகத்தைத் தொடாதபடி. உள்ளே பெட்ரோல் துளியும் இல்லை என்று உறுதியான பிறகு, திறந்த வெளியில். இன்ஜெக்டரை வைஸில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்றும் அதே பக்கத்தில் எச்சரிக்கை உண்டு.

சோதிக்க ஆசைப்பட்டு 12 வோல்ட் பேட்டரியில் நேராக மாட்டுவது இன்னொரு வழக்கம். காரில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் முன்னால் மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் 2.3 ஓம் சுருளில் 12 வோல்ட் கொடுத்தால் 5 ஆம்பியருக்கு மேல் பாயும். சில விநாடிகளில் சுருள் கருகும். இரண்டு டார்ச் செல்கள், 3 வோல்ட், ஒரு நொடித் தொடுதல் போதும். டிக் என்றால் உயிர் இருக்கிறது. ஊசி முனையைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், கார்புரேட்டர் கிளீனரில் இரவு முழுக்க ஊறவைப்பதும் வேண்டாம். பிளாஸ்டிக் தொப்பி உப்பிவிடும். மீயொலித் தொட்டியில் கழுவி, பீய்ச்சும் அளவையும் சிதறலையும் அளந்து தரும் கடைகளில் கொடுத்துவிடுவதே மேல். கழுவிய பிறகும் சொட்டும் இன்ஜெக்டரைத்தான் மாற்ற வேண்டும். புதிதாக வாங்குவது மின்தடை அதிகமான நவீன ரகமாக இருந்தால் காரில் உள்ள அந்தத் தனி மின்தடைகளை அகற்றியாக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது குழாயில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கார்புரேட்டர் கார்களுக்கான குழாய் இந்த அழுத்தத்துக்கு உரியதல்ல. இன்ஜெக்‌ஷன் குழாய்க்கான தரக் குறியீடான எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 அதில் அச்சிட்டிருக்க வேண்டும்; உள்சுவர் எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். துளையிட்ட பட்டை கொண்ட சாதாரண கிளாம்ப் ரப்பரைக் கடித்துப் பெயர்க்கும். விளிம்பு வழவழப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்குங்கள். ரப்பர் வளையங்கள் ஆறு ஜோடியும் புதிது. பழையதையே போட்டால் அந்த இடுக்கு வழியே நுழையும் காற்று மடிப்புக் கதவின் கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது. நின்றபடி ஓடும்போது இன்ஜின் தடுமாறும். நீங்களோ கழுவிய இன்ஜெக்டரைச் சந்தேகித்து மறுபடியும் ஸ்க்ரூடிரைவரை எடுப்பீர்கள்.

இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரையும் குளிர்கால வால்வின் கனெக்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகடிவ் கேபிளைத் திரும்ப மாட்டி, சாவியை ஸ்டார்ட் நிலையில் சில விநாடிகள் பிடியுங்கள். இன்ஜின் சுழலாது, பம்ப் மட்டும் ஓடி அழுத்தத்தை ஏற்றும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த காகிதத்தை வைத்து ஒற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒற்றுங்கள். காகிதம் உலர்ந்தே இருந்தால் ஒயர்களை மாட்டலாம்.