பெல்ட் மாட்டுவதற்கு முன்னால்

சாரம் கட்டும் ஆளாகத் தொடங்கி, இப்போது சைட்டில் மேற்பார்வை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "பெல்ட் எங்கே?" என்றுதான். உயரத்தில் வேலை பார்க்கும்போது மாட்டும் இந்தப் பாதுகாப்பு பெல்ட் ஆள் விழாமல் தடுக்காது. விழுந்த பிறகுதான் பிடிக்கும். அதனால் வந்ததும் தளத்தில் உள்ள ஓட்டைகளையும் ஓரங்களையும் பாருங்கள்.

எனக்கு ஓரத்தை விட ஓட்டைதான் பயம். ஒருநாள் தரையில் கிடந்த பிளைவுட்டை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்தபடி ஓர் அடி எடுத்து வைத்தேன். அது மூடியிருந்த ஓட்டைக்குள் வலது கால் தொடை வரை இறங்கிவிட்டது. சின்ன ஓட்டை, சிராய்ப்போடு போனது. அந்த பிளைவுட், குழாய்க்கு விட்டிருந்த ஓட்டைக்கு மூடி என்று யாரும் சொல்லவில்லை, பலகையிலும் எழுதவில்லை. மூடியை நகராதபடி ஆணியடித்து, பெரிதாக ‘கீழே ஓட்டை’ என்று பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

ஓரத்தில் இடுப்புக்கு மேல் வருகிற மாதிரி ஒரு குழாய், நடுவில் இன்னொன்று, சாமான் உருண்டு விழாமல் அடியில் பலகை. வெறும் நாடா கட்டினால் அது ரிப்பன், தடுப்பு இல்லை.

ஏணியை 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் தள்ளிச் சாய்த்து, மேல் நுனியைக் கட்டுங்கள்.

சரி, இப்போது பெல்ட். இடுப்புப் பட்டை மட்டும் இருப்பது வேண்டாம், தோளும் தொடையும் சேர்த்துப் பிடிப்பதுதான் வேண்டும். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையலாம், மடக்கிய முஷ்டி நுழையக்கூடாது. கொக்கியைத் தலைக்கு மேல், உறுதியான இடத்தில் மாட்டுங்கள். சாரத்தின் கைப்பிடிக் குழாயில் வேண்டாம்.

அப்புறம் ஒரு கணக்கு. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 1.8 மீட்டர். விழும்போது கயிற்றோடு இருக்கும் அதிர்வு தாங்கும் பை பிரிந்து 1.7 வரை நீளலாம். கயிறு மாட்டும் பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5. கூட ஒரு மீட்டர் இடைவெளி. மொத்தம் 6. கொக்கிக்குக் கீழே அவ்வளவு இடம் இல்லையென்றால், கயிறு இழுத்துப் பிடிக்கும் முன்பே கால் தரையில் மோதிவிடும். அங்கே ஓரத்தை எட்டவே முடியாத அளவு குட்டைக் கயிறாகக் கட்டுங்கள்.

விழுந்து பெல்ட்டில் தொங்குகிறவரை யார், எப்படி இறக்குவது என்று காலையிலேயே பேசிவிடுங்கள். தொடைப் பட்டை அழுத்தி ரத்த ஓட்டம் தடைப்படும். நிமிடங்கள்தான் கையில் இருக்கும். ஒருமுறை ஆளைப் பிடித்த பெல்ட்டை நான் அன்றே கத்தியால் அறுத்துப் போடுவேன். முழுசாகக் கிடந்தால் மறுநாள் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.