பெரிய கப்பலில் முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் என்று போய்த் திரும்பும் பெரிய கப்பல்களில் நம் ஊர்க் குடும்பங்களை அழைத்துப் போவது என் வேலை. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், வெயிலுக்குத் தொப்பி எடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் செய்கிறார்கள். அவற்றைத்தான் சொல்கிறேன்.

போன் காட்டும் நேரத்தை நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் நடக்கும் தவறு இது. இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆனால் பல கப்பல்கள் தாய்லாந்து போனாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். கரையில் கால் வைத்ததும் உங்கள் போன் தாய்லாந்து சிக்னலைப் பிடித்து, கேட்காமலே நேரத்தை மாற்றிக்கொள்ளும்.

புக்கெட்டின் படோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்கிற சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கும். அதனால் கப்பல் கிளம்பும் நேரத்தைக் கணக்கில் வைக்காதீர்கள், கடைசி டெண்டர் எப்போது என்று பாருங்கள். ஒருமுறை கடைசி டெண்டர் ஐந்து மணிக்கு. எங்கள் குழுவில் வந்த ஒரு தம்பதி தனியாக டாக்சி பிடித்துப் புக்கெட் பழைய நகரத்துக்குப் போய்விட்டு, போனில் நாலு ஐம்பதுக்குக் கடற்கரைக்கு வந்தார்கள். கப்பல் கணக்கில் அது ஐந்து ஐம்பது. மிதவை மேடையில் படகும் இல்லை, ஆளும் இல்லை. அந்த அண்ணன் எனக்குப் போன் போட்டு, "தம்பி, பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம், படகைக் காணோமே?" என்றார்.

இறங்கும்போதும் ஏறும்போதும் கேபின் அட்டையைத் தட்டுகிறோம் அல்லவா? அதை வைத்து யார் திரும்பவில்லை என்று கப்பலுக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருக்காது. கப்பல்காரர்கள் அந்தத் தம்பதியின் பாஸ்போர்ட்டுகளைக் கேபின் பெட்டகத்திலிருந்து எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஹோட்டல், குடியேற்ற அலுவலக அலைச்சல், சிங்கப்பூருக்குக் கடைசி நேர விமான டிக்கெட், எல்லாம் சொந்தக் காசு. அந்த அக்காவின் சர்க்கரை மாத்திரை கப்பலிலேயே போய்விட்டது.

இவ்வளவுக்கும் இறங்கும் வாசலிலேயே கடைசி டெண்டர் நேரத்தைக் கப்பல் கணக்கில் எழுதிய பலகை இருக்கிறது. முந்தின இரவு கேபினுக்கு வரும் தாளிலும் அச்சிட்டிருக்கிறது. "ஐந்து மணிக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லி, எந்த ஊர் ஐந்து மணி என்று சொல்லாத டூர்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. முள் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை, ஏறிய அன்றே கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வாசல் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படோங்கிலிருந்து வெளியே போகும் மலைச்சாலையில் சாயங்காலம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். தொலைவாகப் போக ஆசை இருந்தால் கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்.

குக்கர், கெட்டில்

வேண்டாம். தீ ஆபத்து என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும்.

நடுக்கடலில் போனை அப்படியே விடுவது

கரை தாண்டியதும் கப்பலுக்குள்ளேயே ஒரு மொபைல் சிக்னல் வரும், செயற்கைக்கோள் வழியாக. அந்தந்த நாட்டுக்கென்று நீங்கள் வாங்கிய ரோமிங் பேக் பொதுவாக அதற்குச் செல்லாது. பில் பயங்கரமாக வரும். கப்பல் கயிறு அவிழ்த்ததும் ஃபிளைட் மோட், அப்புறம் தேவையென்றால் கப்பல் வைஃபை.

விலை அதிகம், அதனால் நல்லது என்று மேல் தளத்தில், முன்பக்கத்தில் கேபின் எடுப்பது

ஆட்டம் அங்கேதான் அதிகம். வயிறு புரட்டும் என்பவர்கள் கீழ்த் தளத்தில், நடுவில் எடுக்கவும்.

ஏறியதும் பஃபேக்கு ஓடுவது

முதல் நாள் மதியம் ஆயிரக்கணக்கானவர்கள் தட்டோடு அங்கேதான் நிற்பார்கள். பெரிய டைனிங் ஹாலும் டிக்கெட்டில் அடக்கம், அது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டிகள் கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். மாத்திரையும் நீச்சல் உடையும் கைப்பையில் இருக்கட்டும்.

எல்லா ஊரிலும் நாள் முழுக்க அலைவது

பினாங்கில் இறங்கத்தான் வேண்டும். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து குவீன் தெருவுக்கு நடந்தே போகலாம். 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் அங்கேதான். கும்பிட்டுவிட்டு, அந்தத் தெருக்களிலேயே நல்ல காப்பி குடித்துவிட்டு மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். எல்லோரும் ஊருக்குள் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் நீச்சல் குளம் காலியாக இருக்கும், குழந்தைகள் சறுக்கு மரத்தில் வரிசை நிற்காமல் திரும்பத் திரும்ப ஏறலாம், மேல் தளத்தில் நிழலான சாய்வு நாற்காலியும் கிடைக்கும்.