பீரோ தள்ளும்போது கை எங்கே இருக்க வேண்டும்?

இரும்பு பீரோவை நகர்த்தும் முன் உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள். எடை குறைந்தால் உராய்வும் குறையும். அப்புறம், தோள் உயரத்தில் கை வைத்துத் தள்ளவே தள்ளாதீர்கள். பீரோவின் கால்கள் தரையைப் பிடித்துக்கொள்ள, அது அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. முழங்காலை மடக்கி, இடுப்புக்குக் கீழே கை வைத்து, தரைக்கு இணையாகத் தள்ளுங்கள். கீழ்நோக்கி அழுத்தினால் அதுவும் எடையோடு சேர்ந்து உராய்வைக் கூட்டும். முதல் அசைவுக்குத்தான் அதிக பலம் வேண்டும். நகர ஆரம்பித்ததும் உராய்வு குறைந்துவிடும், அதனால் நடுவில் நிறுத்தாமல் சீராகத் தள்ளுங்கள். டைல்ஸ் தரையா? பீரோவின் கால்களுக்கு அடியில் பழைய கம்பளியை மடித்து வையுங்கள். உங்கள் காலுக்கு மட்டும் பிடிமானம் வேண்டும்: சாக்ஸ் வேண்டாம், ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.