சூட்டைத் தணித்த 1.8 ஆம்பியர்

என் மின்சார ஸ்கூட்டரில் 12 வோல்ட், 12 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கு. பழைய சார்ஜர் பழுதானதும், சீக்கிரம் ஏறட்டுமே என்று 5 ஆம்பியர் சார்ஜர் வாங்கிப் போட்டேன். மூன்றாம் மாதம் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. ஒரு பேட்டரியின் பக்கவாட்டு புடைத்திருந்தது. பயந்துவிட்டேன்.

தவறு என் கணக்கில்தான். நான்கையும் கூட்டி 48 ஏஎச் என்று நினைத்திருந்தேன். இதில் உள்ளதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும், ஏஎச் அதே 12தான். அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 1.2 முதல் 1.8 ஆம்பியர் கொடுப்பதே பாதுகாப்பு.

சரி என்று நான்கு பேட்டரிகளையும் மாற்றினேன். பழையதோடு சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெடும். அப்புறம் 1.8 ஆம்பியர் சார்ஜர். இரவு முழுக்க ஏறுகிறது, காலையில் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை.