நஞ்சைத் திடலில் இரண்டு அறைகள்: அனுமதி எங்கே நின்றது?

திருவையாற்றுப் பக்கம் உள்ள எங்கள் நிலத்தின் மேட்டுத் திடலில், விடுமுறைக்கு வருவோர் தங்க இரண்டு அறைகள் கட்ட விண்ணப்பித்தபோது, "அணுகுபாதை இல்லை" என்ற ஒற்றை வரியோடு மனு இருமுறை திரும்பியது. டிராக்டர் போகும் பாதை கண்ணெதிரே இருக்க, அந்தக் குறிப்பு எனக்கு விளங்கவில்லை.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே உண்மைத் தடை என்றெண்ணி ஒரு வாரத்தை வீணாக்கினேன். அச்சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுத்தல், தோல் பதனிடுதல், செம்பு உருக்குதல் போன்ற தொழில்களையே, தங்கும் அறைகளை அன்று. பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் புதிதாக எடுத்து இணைத்தும் பயனில்லை.

கடைசியில், புலத்தின் எல்லைகளைக் காட்டும் நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகலை வாங்கிப் பார்த்தபோது, சாலைக்கும் எங்கள் புலத்துக்கும் நடுவே தனிப் புல எண்ணுடன் மெல்லிய பட்டை ஒன்று, "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருந்தது. தாத்தா காலத்தில் குழாய் பதித்து மண் மூடிய பாசன வாய்க்கால் அது. அரசுக்குரிய அந்தப் பட்டை குறுக்கே இருந்ததால்தான், பதிவேட்டின்படி எங்கள் புலத்துக்கு அணுகுபாதை இல்லை. அதன் மேல்தான் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீர் குழாய்க்குள் ஓடுவதால் அங்கே வாய்க்கால் இருப்பதே எவருக்கும் நினைவில்லை.

பழைய குழாயை எடுத்துவிட்டு, கடைமடைக்குப் போகும் நீர் குறையாத அகலத்தில் சிறுபாலம் கட்டிக்கொள்வதாக வரைபடத்துடன் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்டேன். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12க்கு முன், வாய்க்கால் வறண்டிருந்தபோதே துறையினர் பார்வையிட்டதால் அளவெடுப்பு எளிதாயிற்று. அந்தச் சான்றை இணைத்த பிறகு மனு திரும்பவில்லை. நஞ்சை என்பதால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவைப்பட்டது. அது தாமதமாக வந்தாலும் சிக்கலின்றி வந்தது.